கர்சர் சொன்ன இடத்தில் நிற்கவில்லையா?

கேள்வி: புது மவுஸில் டிபிஐ 3200 என்று காட்டுகிறது. கையை லேசாக அசைத்தாலே கர்சர் திரையின் மறுகோடிக்குப் போய்விடுகிறது.

பதில்: போகத்தான் செய்யும். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை நகர்வு எண்ணிக்கை போகிறது என்பதுதான் டிபிஐ. விண்டோஸில் கர்சர் வேகத்தை நடுவில் வைத்தால் ஓர் எண்ணிக்கைக்குக் கர்சர் ஒரு பிக்சல் (திரைப் புள்ளி) நகரும். 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 3200-ல் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். 800-ல் 6 சென்டிமீட்டர் வேண்டும். 800-ல் தொடங்குங்கள், மந்தமாகத் தெரிந்தால் கூட்டலாம். பல மவுஸ்களில் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பொத்தான்தான் டிபிஐயை மாற்றும். தெரியாமல் விரல் பட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: டிபிஐயைத் தொடாமல் விண்டோஸில் கர்சர் வேகத்தை மாற்றும் ஸ்லைடரையே குறைத்தால் ஆகாதா?

பதில்: ஆகும். ஏற்றுவதுதான் வம்பு. பழைய மவுஸ் ப்ராப்பர்டீஸ் பெட்டியில் 11 படிகள், 6-வதுதான் நடு. அதற்கு மேலே போனால் கர்சர் இடையிலுள்ள பிக்சல்களைத் தாண்டிக் குதிக்கும். வேகம் வேண்டுமென்றால் டிபிஐயைக் கூட்டுங்கள், ஸ்லைடர் நடுவிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சார், ஒரே தூரம்தான் நகர்த்துகிறேன். கர்சர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. மவுஸ் பழுதா?

பதில்: அவசரப்பட்டு வேறு வாங்கிவிடாதீர்கள், நான் அப்படி ஒரு முறை ஏமாந்தவன். மவுஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். 5 சென்டிமீட்டர் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அப்புறம் அதே 5 சென்டிமீட்டரை வெடுக்கென்று இழுங்கள். வேகமாக இழுத்தபோது கர்சர் அதிக தூரம் போனால் அது ஆக்சிலரேஷன். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற பெயரில் இருக்கும். பெயரில்தான் துல்லியம்! டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். அலுவலக வேலை மட்டும்தான், தொந்தரவும் இல்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: கேமில் 400 டிபிஐ, சென்சிட்டிவிட்டி (கேமுக்குள் உள்ள மவுஸ் வேக அளவு) 2 வைத்திருக்கிறேன். 800-க்கு மாறினால்?

பதில்: சென்சிட்டிவிட்டியை 1 ஆக்குங்கள். இரண்டையும் பெருக்கினால் அதே 800 வருகிறதா, சரி. ஆனால் இந்தக் கணக்கு வேறு கேமுக்கு ஒத்துவராது, ஒவ்வொன்றிலும் அளவுகோல் வேறு. இந்த கேமில் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று அளந்து, அங்கேயும் அதே தூரம் வரும்படி சென்சிட்டிவிட்டியைப் பொருத்துங்கள்.

கேள்வி: கண்ணாடி மேசையில் கர்சர் துள்ளுகிறது. எந்த செட்டிங் மாற்ற?

பதில்: எதுவும் வேண்டாம். அடியில் ஒரு மவுஸ்பேட் போடுங்கள்.