கேட்ட நாளும் கை வைத்த நாளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் குழுவை நடத்துகிறேன். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். வேலைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா மென்பொருளில் எங்கள் சைக்கிள் டைம் சராசரி 4 நாள் என்று காட்டுகிறது. வாடிக்கையாளரோ, சிறு மாற்றம் கேட்டாலும் ஒரு மாதம் ஆகிறது என்று குறைப்படுகிறார். கணக்கிட்டால் லீட் டைம் 31 நாள் வருகிறது. வாரம் சுமார் 12 டிக்கெட் (பதிந்து வைத்த வேலைகள்) முடிக்கிறோம். எந்த எண்ணை நம்புவது? சைக்கிள் டைமைக் குறைக்க இன்னும் இருவரை வேலைக்கு எடுக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: இரண்டு எண்களுமே உண்மைதான். வாடிக்கையாளர் கேட்ட நாளிலிருந்து அது அவர் கைக்கு வந்து சேரும் நாள் வரை ஆகும் காலம் லீட் டைம். உங்கள் குழுவில் ஒருவர் அந்த வேலையில் கை வைத்த நாளிலிருந்து முடித்த நாள் வரை ஆகும் காலம் சைக்கிள் டைம். உங்கள் கணக்குப்படி 31 நாளில் 27 நாள், டிக்கெட் யார் கையும் படாமல் வரிசையில் கிடக்கிறது. 4 நாள் வேலையை அரும்பாடுபட்டு 2 நாளாக்கினாலும் வாடிக்கையாளருக்கு 29 நாள் ஆகும். அந்த வித்தியாசத்தை அவர் உணரக்கூட மாட்டார்.

வரிசை எவ்வளவு நீளம் என்பதை ஒரு வகுத்தல் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: வரத்தும் போக்கும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் ஓர் அமைப்பில், உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கையை அவை முடிந்து வெளியேறும் வேகத்தால் வகுத்தால், ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரிக் காலம் கிடைக்கும். வாரம் 12 வீதம் முடித்து 31 நாள் ஆகிறதென்றால், சுமார் 53 டிக்கெட் முடியாமல் இருக்க வேண்டும். அவற்றில் 7 மட்டுமே வேலை நடப்பவை, மற்ற 46 காத்திருப்பவை. டிக்கெட்டுகளை நிலைவாரியாகக் காட்டும் உங்கள் பலகையில் எண்ணிப் பாருங்கள். 53க்கு வெகு அதிகமாக இருந்தால், வரத்து உங்கள் வேகத்தைத் தாண்டிவிட்டது, 31 என்ற எண் இனிமேல் ஏறத்தான் போகிறது என்று கொள்ளலாம்.

ஆகவே ஆள் எடுப்பதற்கு முன், அந்த 46 டிக்கெட்டும் எதற்காக நிற்கின்றன என்று பாருங்கள். ஆள் இல்லாமல் நின்றால் இருவரை எடுப்பது உதவும். அப்போதும் குறைவது பெரும்பாலும் லீட் டைமாகவே இருக்கும், சைக்கிள் டைம் அப்படியே இருக்கக்கூடும். வாடிக்கையாளரின் ஒப்புதலுக்காகவோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிடும் வழக்கத்துக்காகவோ நின்றால், புதிதாக வருபவர்களும் சேர்ந்து காத்திருப்பார்கள், அவ்வளவுதான். யாருக்கும் இனித் தேவைப்படாத பழைய டிக்கெட்டுகளை வாடிக்கையாளரிடம் கேட்டு மூடுவது செலவில்லாத வைத்தியம். அதை ஏனோ எவரும் முதலில் செய்வதில்லை.

மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஜிராவின் கன்ட்ரோல் சார்ட் என்ற வரைபடம், நீங்கள் தேர்ந்தெடுத்த நிலைகளில் டிக்கெட் கழித்த காலத்தையே கூட்டிக் காட்டுகிறது; காத்திருப்பு நிலையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அதே படம் லீட் டைமைக் காட்டத் தொடங்கிவிடும். அதே வகை மென்பொருளான அஷூர் டெவ்ஆப்ஸில் லீட் டைம் டிக்கெட் உருவாக்கிய கணத்திலும், சைக்கிள் டைம் அது முதன்முதலில் வேலை நடக்கும் நிலைக்குள் நுழையும் கணத்திலும் தொடங்குகின்றன. கிட்லாப் என்ற இன்னொன்றில் சைக்கிள் டைம், அந்த வேலைக்கான முதல் கமிட்டிலிருந்து, அதாவது நிரல் மாற்றத்தை முதலில் பதிந்த கணத்திலிருந்து, ஓடுகிறது. அதற்கு முன் மூன்று நாள் உட்கார்ந்து வடிவமைப்பைப் பேசியிருந்தால் அந்த மூன்று நாளும் கணக்கில் வராது. இந்த மூன்று மென்பொருள்களும் தரும் எண்களை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருளை எழுதுவதையும் இயக்குவதையும் ஒன்றாகப் பார்க்கும் டெவ்ஆப்ஸ் வட்டாரத்தில் சொல்லும் 'மாற்றங்களுக்கான லீட் டைம்' இன்னும் வேறு. கமிட் ஆனது முதல் அது பயன்பாட்டுக்குப் போகும் வரையிலான காலம் அது, வாடிக்கையாளர் கேட்ட நாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்தக் கேட்ட நாளிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. திருப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டதை உங்கள் ஆள் ஒரு வாரம் கழித்து டிக்கெட்டாகப் பதிந்தால், மென்பொருளுக்கு அந்த வாரம் நடக்கவே இல்லை. கேட்ட தேதிக்குத் தனிக் கட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சராசரியைப் பற்றி. ஒன்பது டிக்கெட் 2 நாளில் முடிந்து ஒன்று 42 நாள் இழுத்தால், சராசரி 6 நாள் என்று வரும்; ஆனால் 6 நாள் ஆன டிக்கெட் ஒன்றுகூட அங்கே இல்லை. நூற்றில் எண்பத்தைந்து டிக்கெட் எத்தனை நாளுக்குள் முடிந்தன என்பதைப் பார்த்து, அந்த எண்ணையே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் பார்ப்பவன் நான். எங்களுக்குச் சைக்கிள் டைம் என்றால் ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கும் நொடிக் கணக்கு. ஐ.டி.யில் இருக்கும் என் மகள் நாள் கணக்கில் சொல்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகர், திருப்பூர்

பதில்: இருவர் சொல்வதும் அவரவர் தொழிலில் சரி. தையல் லைனில் ஓர் ஆபரேட்டர் ஒரு பீஸை எடுத்து, தைத்து, அடுத்த பீஸை எடுக்கும் வரையிலான நேரத்தைச் சைக்கிள் டைம் என்கிறீர்கள். மென்பொருள்காரர்கள் அதே சொல்லை, ஒரு வேலை தொடங்கி எல்லா மேசைகளையும் கடந்து முடியும் வரையிலான மொத்தக் காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். இடையில் அது சோதிப்பவரின் மேசையில் கிடந்த நேரமும் அதில் அடக்கம். லீட் டைம் என்ற சொல் மட்டும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்குகிறது. ஆர்டர் உறுதியான நாள் முதல் ஷிப்மென்ட் வரை நீங்கள் எண்ணுகிறீர்கள் அல்லவா, அதுதான். டி-ஷர்ட்டைத் தைக்கச் சில நிமிடம் போதும். நூல் வரவும், லேப் டிப்புக்கு (சாய மாதிரிக்கு) பையர் ஒப்புதல் தரவும், சாயப்பட்டறையில் முறை வரவும் வாரங்கள் போகின்றன. இதை மகளிடம் சொன்னால், அவருடைய பலகையில் 'ஒப்புதலுக்குக் காத்திருப்பு' என்ற நிரல் (காலம்) எதற்கு இருக்கிறது என்பதை அவரே உங்களுக்கு விளக்குவார்.

கேள்வி: பழைய டிக்கெட்டுகளை எல்லாம் தேடி எடுத்து முடித்த மாதத்தில்தான் எங்கள் லீட் டைம் இரண்டு மடங்காகிவிட்டது. மேலாளர் விளக்கம் கேட்கிறார்.
— வாசகர், ஈரோடு

பதில்: லீட் டைமைக் காட்டும் படங்கள் முடிந்த டிக்கெட்டுகளை மட்டுமே எண்ணுகின்றன. எட்டு மாதமாகத் தூங்கிய டிக்கெட், தூங்கிய காலமெல்லாம் படத்தில் இல்லை. முடித்த அன்று எட்டு மாதத்தையும் சுமந்துகொண்டு ஒரே புள்ளியாக வந்து விழுகிறது. முடியாத டிக்கெட்டுகளின் வயதைக் காட்டும் பட்டியலையும் மேலாளரிடம் கொண்டுபோங்கள். போன மாதப் பட்டியலையும் இந்த மாதப் பட்டியலையும் ஒன்றாகக் காட்டினால், உங்கள் குழு செய்தது அதில் தெரியும்.