எனக்கு டிப்ரஷனா, இல்ல தைராய்டா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 41. ஆறு மாசமா எதுலயும் பிடிப்பே இல்ல. ஆபீஸ்ல ஒரு மெயிலை நாலு தடவை படிக்கிறேன், எம்பொண்ணு ஓடி வந்து கட்டிப்பிடிச்சாகூட உள்ள ஒண்ணுமே தோணல. டாக்டர்கிட்ட போனேன், ஒரு ஃபார்ம் குடுத்து டிக் பண்ணச் சொன்னாங்க, 16 மார்க் வந்துச்சு, பத்து நிமிஷத்துல டிப்ரஷன்னு சொல்லி அதுக்கு எஸ்சிட்டலோப்ராமும் ராத்திரி தூங்க க்ளோனாசெபாமும் எழுதிட்டாங்க. பத்து நாளாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்எச் 5.8 வந்ததால எங்க அக்கா "இது தைராய்டுதான்டி, அந்த மாத்திரையை நிறுத்து"ங்கிறா. சுகருக்கு 7 வருஷமா மெட்ஃபார்மின் எடுக்குறேன். சில நாள் காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. வீட்டுக்காரர் நான் குறட்டை விடறேன்னு கிண்டல் பண்றார், காலைல தலைவலி வேற. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி இருக்கே, "எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்"னு, அதைப் பேசிடுவோம். இந்த எண்ணத்தை உங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு தெரியல, சொல்லலைன்னா இந்த வாரமே சொல்லுங்க, இன்னைக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க. சொன்னா பயந்துடுவாங்கன்னு நினைக்காதீங்க, சொல்லாம இருக்கறதுதான் ஆபத்து. அது "போயிட்டா நல்லாருக்கும்"ங்கறதுல இருந்து "எப்படிப் போகலாம்"னு யோசிக்கிற அளவுக்கு வந்துச்சுன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடணும், தனியா இல்ல, ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு.

இப்ப அந்த 16 மார்க். நீங்க டிக் பண்ணது பெரும்பாலும் பிஎச்க்யூ-9ங்கிற ஃபார்மா இருக்கும், 2001ல வந்தது, ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரை, மொத்தம் 27. கடைசி ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும். நல்ல ஃபார்ம்தான், நானும் தினமும் யூஸ் பண்றேன். ஆனா அதுல இருக்கிற ஒன்பதுல அஞ்சு கேள்வி எதைப் பத்தின்னு பாருங்க: தூக்கம், அசதி, பசி, கவனம், அப்புறம் உடம்பு மந்தமாறது இல்லன்னா இருப்புக் கொள்ளாம தவிக்கிறது. மனசுல துளி சோகம் இல்லாத ஒருத்தர், ராத்திரி சரியா தூங்காம உடம்பு ஓய்ஞ்சு கிடந்தார்னா, இந்த அஞ்சுலயே 15 வாங்கிடலாம்! எவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு அந்த ஃபார்ம் சொல்லும், எதனாலன்னு சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கிறது எங்க வேலை, பத்து நிமிஷத்துல அது ஆகாது, இதுல உங்க அக்காவோட கோவம் எனக்குப் புரியுது.

அப்ப டாக்டர் சொன்னது தப்பான்னா, இல்ல, சரிதான்னு எனக்குப் படுது. நான் அந்த மார்க்கை வச்சு சொல்லல, பொண்ணு வந்து கட்டிப்பிடிச்சும் ஒண்ணும் தோணலைன்னு எழுதியிருக்கீங்களே அதை வச்சு சொல்றேன். வெறும் அசதின்னா பிள்ளையைத் தூக்கத் தெம்பு இருக்காது, ஆனா பார்த்தா சந்தோஷம் வரும். முன்னாடி பிடிச்சதுல எல்லாம் ருசி போயிடறது, இல்லன்னா மனசு சோர்ந்தே கிடக்கிறது, இந்த ரெண்டுல ஒண்ணாவது பெரும்பாலான நாள் ரெண்டு வாரத்துக்காவது இருக்கணும், கூட மத்ததும் சேர்ந்து மொத்தம் அஞ்சு அறிகுறி ஆகணும், அன்றாட வாழ்க்கை கெட்டுப்போயிருக்கணும், அப்பதான் டிப்ரஷன்னு பேரு வைப்போம். இதை ரத்தத்துல கண்டுபிடிக்க எந்த டெஸ்ட்டும் கிடையாது, உக்காந்து பேசித்தான் கண்டுபிடிக்கணும். ரத்த டெஸ்ட் எதுக்குன்னா கூட வேற எதுவும் ஒளிஞ்சிருக்கான்னு பாக்க.

அந்த "கூட"தான் இங்க முக்கியம். எல்லாரும் டிப்ரஷனா தைராய்டான்னு ஒண்ணை செலக்ட் பண்ணச் சொல்றாங்க, ஒரே ஆளுக்கு ரெண்டும் மூணும் இருக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?

தைராய்டு நிஜமாவே ரொம்ப குறைஞ்சா ஆளை அப்படியே டிப்ரஷன் மாதிரி ஆக்கிடும், மந்தம், மறதி, குளிர் தாங்காது, மலச்சிக்கல், எடை ஏறும். டிஎஸ்எச்ங்கிறது தைராய்டை வேலை செய்யச் சொல்ற ஹார்மோன், தைராய்டு குறைஞ்சா அது ஏறும். ஆனா உங்க 5.8 லேசான ஏத்தம்தான், நார்மல் சுமார் 4 வரைக்கும். ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன் அளவு, பாத்தாங்களான்னு நீங்க எழுதல. அது நார்மலா இருந்தா, இந்த அளவு ஏத்தத்துக்கு தைராய்டு மாத்திரை குடுத்துப் பாத்த ஆய்வுகள்ல மனச்சோர்வு பெருசா மாறல. அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு ரெண்டையும் சேர்த்துத் திரும்ப பாருங்க. முழுப் பழியையும் அதுமேல போடறது சரிப்படாதுன்னு அக்காகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

எனக்கு சந்தேகம் வேற ரெண்டு இடத்துல. ஒண்ணு மெட்ஃபார்மின். அருமையான மருந்து, ஆனா வருஷக்கணக்கா எடுத்தா சில பேருக்கு வைட்டமின் பி12 உடம்புல சேர்றது குறையும். பி12 குறைஞ்சா அசதி, மறதி, மனச்சோர்வு, பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி ஒரு உணர்வு எல்லாம் வரலாம், ஹீமோகுளோபின் நார்மலா இருக்கறப்பவே வரலாம், அதனால "ரத்தம் நல்லாதான் இருக்கு"ன்னு விட்டுடக் கூடாது. ஏழு வருஷத்துல ஒரு தடவை கூட பி12 பாக்கலைன்னா இப்ப பாருங்க, கூடவே ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), கால்சியம், மூணு மாச சுகர். மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்தாதீங்க, பி12 குறைஞ்சிருந்தா அதை ஏத்திக்கலாம். (வைட்டமின் டி கேப்பீங்கன்னு தெரியும், எல்லாரும் கேக்கறாங்க. 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 50 வயசு தாண்டின 18,000 பேருக்கு மேல சேர்த்து, பாதி பேருக்கு டி, பாதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைன்னு வருஷக்கணக்கா குடுத்தாங்க, டிப்ரஷன் வர்றதுல வித்தியாசமே இல்ல. குறைஞ்சிருந்தா எலும்புக்காக எடுங்க, மனசுக்காக எதிர்பாக்காதீங்க.)

ரெண்டாவது, வீட்டுக்காரர் கிண்டல் பண்ற அந்தக் குறட்டை. குறட்டை, காலைல தலைவலி, நாள் பூரா அசதி, கவனம் நிக்காதது, இதெல்லாம் சேர்ந்தா தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியாவான்னு பாக்காம விடவே கூடாது. ஒவ்வொரு தடவையும் பத்து செகண்ட், சில சமயம் அதுக்கு மேலயும் மூச்சு தடைபடும், மூளை லேசா முழிச்சு மூச்சை இழுத்துட்டுத் திரும்ப தூங்கும், காலைல உங்களுக்கு ஞாபகமே இருக்காது, எட்டு மணி நேரம் தூங்கினேன்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க. பெண்கள்கிட்ட இது அடிக்கடி கோட்டை விட்டுப் போற விஷயம், ஏன்னா அவங்க குறட்டைன்னு வரமாட்டாங்க, சோர்வா இருக்கு மனசு சரியில்லன்னுதான் வருவாங்க. இது இருந்தா க்ளோனாசெபாம் அதை இன்னும் மோசமாக்கலாம். அதனால இந்த ஒரு விஷயத்துக்கு அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காதீங்க, எழுதிக் குடுத்தவங்களுக்கு நாளைக்கே போன் பண்ணி குறட்டையைச் சொல்லி, தொடரலாமா எப்படிக் குறைக்கறதுன்னு கேளுங்க. அது தவிர நாள்பட எடுத்தா பழக்கமாயிடற மாத்திரை அது.

எஸ்சிட்டலோப்ராம் அப்படி இல்ல, அடிமையாக்காது. ஆனா பத்து நாள்ல தீர்ப்பு சொல்லக் கூடாது. முதல்ல குமட்டல், படபடப்புதான் தெரியும், நல்லது ரெண்டுல இருந்து நாலு வாரத்துல எட்டிப் பாக்கும், ஆறு வாரம் வரைக்கும் பாக்கணும். திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தூக்கமின்மைன்னு வரலாம், நிறுத்தற காலம் வந்தாலும் படிப்படியாத்தான். குணமானதுக்கு அப்புறமும் ஆறு மாசமாவது எடுக்கணும். மாத்திரையோட கூட மனநல ஆலோசகர்கிட்ட பேசறதும் பலன் தரும், உங்க டாக்டர் அதைச் சொல்லலைன்னா நீங்களே கேளுங்க.

இன்னும் ஒண்ணு, உங்க பத்து நிமிஷத்துல இது விட்டுப்போயிருக்கலாம். எப்பவாச்சும் நாலஞ்சு நாள் தொடர்ந்து தூக்கமே வேண்டாம், அப்பவும் ஓவர் எனர்ஜி, பேச்சு நிக்காது, கையில காசு நிக்காதுன்னு இருந்திருக்கீங்களா? நான் சின்ன டாக்டரா இருந்தப்ப ஒருத்தர்கிட்ட இதைக் கேக்காம மாத்திரை எழுதிட்டேன், மூணாவது வாரம் அவரோட அண்ணன் வந்து நிக்கிறார், தம்பி நாலு நாளா தூங்கல, கடன் வாங்கி என்னென்னமோ வாங்கிக் குவிக்கிறான்னு. அது பைபோலார், அதாவது மனசு ஒரு சமயம் சோர்ந்து, ஒரு சமயம் ஓவரா ஏறிப்போற நோய், அதுக்கு மருந்தே வேற. அன்னைல இருந்து இந்தக் கேள்வி கேக்காம நான் சீட்டை எடுக்கறதில்ல. உங்களுக்கு அப்படி எதுவும் இருந்திருந்தா, இல்ல குடும்பத்துல யாருக்காவது இருந்தா, கட்டாயம் சொல்லுங்க. பீரியட்ஸ் தாறுமாறா ஆகியிருக்கா, ஸ்டீராய்டு மாதிரி வேற மருந்து ஏதும் நடுவுல எடுத்தீங்களா, குடிப்பழக்கம் இருக்கா, இந்த ஆறு மாசத்துக்கு முன்னாடி யாரையாவது இழந்தீங்களா, இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அங்க போய் உக்காந்ததும் பாதி மறந்துடும்.

அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, கிண்டல் பண்ற நேரத்துல ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் போன்ல உங்க குறட்டையை ரெக்கார்ட் பண்ணட்டும். நடுவுல சத்தம் நின்னு போயி, கொஞ்ச நேரம் கழிச்சு திணறிக்கிட்டு மூச்சு வருதான்னு கேட்டுப் பாக்கட்டும். அந்த ரெக்கார்டிங்கை அப்படியே டாக்டர்கிட்ட போட்டுக் காட்டி, தூக்க டெஸ்ட்டுக்கு எழுதிக் கேளுங்க.