குறிப்பேட்டில் இடம்பெறாத காரணங்கள்

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை மாணவி. களப்பணிக்காகச் சென்னையை அடுத்த பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குச் செல்கிறேன். பள்ளியிலிருந்து நின்றுவிட்ட பிள்ளைகளைச் சந்தித்து, ஆலோசனை கூறி, குறிப்பெழுதுவது என் வேலை. வகுப்பில் சொல்லப்படும் ‘தீவிரச் சமூகப்பணி’ என்பது போராட்டத்தில் இறங்குவதைத்தான் குறிக்கிறதா?
– வாசகி, சைதாப்பேட்டை

பதில்: போராட்டமும் அதில் உண்டு; ஆனால் அது தொடங்கும் இடம் உங்கள் குறிப்பேடு. ‘படிப்பில் ஆர்வமில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்பது போன்ற வரிகளைத்தான் 1970-களில் பிரிட்டனின் இளம் சமூகப்பணியாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். பொருளாதார அமைப்பு உண்டாக்கும் வறுமையைத் தனிமனிதரின் குறைபாடாகப் பதிந்து அவரைத் திருத்த முற்படும் தொழில், அநீதிக்கே துணைபோகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். தீவிரச் சமூகப்பணி என்பது இந்தப் பார்வைதான். அந்த வாதம் இன்றும் சரியென்றே நான் கருதுகிறேன்.

பெரும்பாக்கத்தையே பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல அங்கே குடியேற்றப்பட்டன. அவர்களின் பிழைப்போ நகரின் நடுவே, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. வீட்டு வேலைக்காகத் தாய் விடியலிலேயே பேருந்து ஏறிவிட, தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் வீட்டில் தங்கினால், அவளுக்கு நீங்கள் கூறும் ஆலோசனை அந்தப் பேருந்தின் நேரத்தை மாற்றிவிடாது. இதைத் தலைவிதியென்றும் ஏற்க வேண்டியதில்லை: 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் தன் தொடக்க ஆண்டுகளில், மக்கள் வாழ்ந்த இடங்களிலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. வாழ்வுரிமையில் வாழ்வாதாரமும் அடங்கும் என்று 1985-ல், மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியது. உரிய அறிவிப்புக்குப் பின் அவர்களை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு அனுமதித்ததால், நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆகவே, தனித்தனியாகச் சந்திக்கும் தாய்மார்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் செய்யுங்கள். பத்து வீடுகளிலும் ஒரே காரணம் வெளிப்பட்டால், அங்கன்வாடி நேரம், பேருந்து வசதி ஆகியவை பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவர்களே மனு அளிக்கத் துணைநில்லுங்கள். மனுவில் எதைக் கேட்பது, எதுவரை செல்வது என்பதை அவர்கள் முடிவுசெய்யட்டும். உங்கள் களப்பணி சில மாதங்களில் முடிந்துவிடும். அதிகாரிகளின் கோபத்தை அதன் பின்னரும் தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். அதுவரை அந்தச் சிறுமியைக் காத்திருக்க வைக்காமல், அவளை மீண்டும் பள்ளியில் சேர்க்கும் வேலையை இந்த வாரமே பாருங்கள். குறிப்பேட்டில் ‘காரணம்’ என்ற இடத்தில் அவள் தாய் பேருந்து ஏறும் நேரத்தை எழுதுங்கள்.