ஏரியில் ஓடிய அலுமினியப் படகைக் கடலுக்கு வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: தூத்துக்குடியில் அப்பா வைத்திருந்தது ஃபைபர் வள்ளம், மெல்போர்ன் வந்த பிறகு திரும்பின பக்கமெல்லாம் அலுமினியப் படகாகத் தெரிகிறது, எய்ல்டன் ஏரியில் மட்டும் ஓடிய 4.2 மீட்டர் படகு ஒன்று ட்ரெய்லரோடு விலைக்கு வந்திருக்கிறது, வெஸ்டர்ன் போர்ட் கடல் விரிகுடாவில் மீன் பிடிக்க அதை வாங்கினால் உப்பு அரித்துவிடுமா.

உப்புத் தண்ணீர் மட்டும் நல்ல அலுமினியத்தை ஒன்றும் செய்துவிடாது. காற்றுப் பட்டதுமே அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று, காய்ச்சின பாலில் ஏடு படிகிற மாதிரி படிந்துவிடும், கீறல் விழுந்தாலும் திரும்பப் படியும். படகுக்கு எடுக்கும் 5052, 5083 ரகத் தகடுகளில் மக்னீசியம் சேர்த்திருப்பார்கள், செம்பு மிகக் குறைவு, கடலில் தாங்குவது அதனால்தான். ஹோபார்ட்டில் இன்கேட் கம்பெனி கட்டுகிற, கார்களையே ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிற பெரிய ஃபெர்ரிகள்கூட அலுமினியத்தில் ஆனவைதான்.

படகை அழிப்பது இரண்டு விஷயம். ஒன்று, வேறு உலோகம் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது. இரண்டாவது, காற்றுப் போகாத இடத்தில் ஈரம் தங்குவது. செம்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எது அலுமினியத்தைத் தொட்டாலும், நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்துவிட்டால் அங்கே ஒரு பேட்டரி உண்டாகிவிடும், அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். ஏரித் தண்ணீரில் மின்சாரம் அவ்வளவு எளிதாகப் பாயாது, அதனால் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் ஓடியிருக்கும், அதே படகு கடலுக்கு வந்ததும் பழைய குறையெல்லாம் வேகமாக வேலை காட்டும். தெரிந்தவர் ஒருவர் படகில் தரையைக் கழற்றியபோது பார்த்தேன், அடித்தகட்டில் ஒரு 5 சென்ட் காசு கிடந்தது, செம்பும் நிக்கலும் கலந்த காசு, அதை எடுத்தால் அதே வட்டத்துக்கு வெள்ளைப் பொடி, பொடியைத் துடைத்தால் விரல் நகம் இறங்குகிற குழி. பக்கத்தில் ஒரு ஈயக்குண்டு, அதன் கீழும் அப்படியே.

அதனால் பெயின்டின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம், தரைக்குக் கீழே பாருங்கள். ஏரிப் படகுகளில் பிளைவுட் போட்டு மேலே கார்ப்பெட் ஒட்டியிருப்பார்கள், கடலுக்கு இது ஆகவே ஆகாது, கார்ப்பெட் உப்பை உறிஞ்சி வாரக்கணக்கில் ஈரமாக வைத்திருக்கும். மரம் செல்லரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய பலகையாக இருந்தால் இன்னும் மோசம், அந்த மருந்திலேயே செம்பு உண்டு. தரைக்கடியில் ஃபோம் இருந்தால் ஒரு துண்டு பிய்த்துப் பிழிந்து பாருங்கள், தண்ணீர் சொட்டினால் அதன் கீழே தகடு எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்து அடிக்கிற ஆணி. 4.2 மீட்டரில் பழைய படகு என்றால் அநேகமாக ரிவெட் அடித்ததாகத்தான் இருக்கும். விற்பவரிடம் கேட்டுவிட்டு, ட்ரெய்லரில் இருக்கும்போதே உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கீழே படுத்துப் பாருங்கள், எந்த ரிவெட்டில் கசிகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு கசிந்தால் சரி செய்யலாம், வரிசையாகக் கசிந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சின் மாட்டுகிற பின்பக்கத்தை இங்கே ட்ரான்சம் என்பார்கள், பல படகுகளில் அதற்குள் மரப்பலகைதான் இருக்கும். எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ட்ரான்சம் சேர்ந்து வளைந்தால் உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கிறது.

ஏரிப் படகு என்பதால் இன்னொன்று. அரிப்பைத் தானே வாங்கிக்கொள்கிற அனோடு கட்டிகளை நன்னீருக்கு மக்னீசியத்தில் போட்டிருக்கலாம், கடலில் அது கொஞ்ச நாளிலேயே கரைந்துவிடும். முதல் முறை உப்பில் இறக்கும் முன் எஞ்சினிலும் படகிலும் துத்தநாகம் அல்லது அலுமினிய அனோடாக மாற்றுங்கள், அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். படகின் அடியில் செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் வேண்டவே வேண்டாம். தூண்டில் தாங்கி மாதிரி எதையாவது புதிதாக மாட்டினால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நைலான் வாஷரும் டூராலாக் மாதிரி ஒரு பசையும் வைத்து மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை படகின் உடம்பில் கொடுத்திருந்தால் முதல் வேலையாகக் கழற்றி, எல்லாவற்றுக்கும் இரட்டை வயர் இழுத்துவிடுங்கள்.

இப்போது அளவு. எனக்கு உப்பைவிட இதுதான் அதிகக் கவலை. வெஸ்டர்ன் போர்ட்டில் கடல் ஏறி இறங்குகிற உயரம் கிட்டத்தட்ட 3 மீட்டர், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தால், நெருக்கமான செங்குத்து அலை கிளம்பும். நம்மூர் வள்ளம் நீளமானது, அணியம் என்கிற முன்பக்கம் உயர்ந்தது, அலையில் ஏறி இறங்கும். அகலமும் ஓர உயரமும் குறைந்த 4.2 மீட்டர் அலுமினியப் படகு அந்த அலையில் தண்ணீரை உள்ளே அள்ளிவிடும். ஹேஸ்டிங்ஸ் அல்லது ரில் துறையில் இறக்கி, காற்றில்லாத காலையில் கரையோரமாகக் கணவாயும் கிங் ஜார்ஜ் வைட்டிங்கும் பிடிக்க அது போதும், அந்த வைட்டிங் நம்ம கிழங்கான் குடும்பம்தான், உங்களுக்குப் பிடித்துப்போகும். ஸ்நாப்பர் மீன் தேடி நடுவே போகவோ போர்ட் ஃபிலிப் விரிகுடாவைக் குறுக்கே தாண்டவோ ஆசை இருந்தால் கொஞ்ச நாள் காசு சேர்த்து, 4.8 மீட்டருக்கு மேல், அடித்தகடு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத, வெல்டிங் செய்த படகாக வாங்குங்கள். விரிகுடாவின் வாயில் இருக்கிற 'ரிப்' பக்கம் போகவே வேண்டாம், அனுபவப்பட்டவர்களையே கவிழ்த்த இடம்.

2006க்குப் பிறகு கட்டிய படகாக இருந்தால் பில்டர்ஸ் பிளேட் என்று ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்றெல்லாம் அதில் இருக்கும், முக்கியமாக 'லெவல் ஃப்ளோட்டேஷன்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தண்ணீர் நிரம்பினாலும் அந்த ரகம் கவிழாமல் மட்டமாக மிதக்கும், 'பேசிக்' என்றால் ஏதோ ஒரு கோணத்தில் மிதக்கும், அவ்வளவுதான். குடும்பத்தை ஏற்றப் போகிறீர்கள் என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபைபரா அலுமினியமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபைபர் அலையில் மெத்தென்று போகும், ஆனால் கனம் அதிகம், இழுக்கப் பெரிய கார் வேண்டும், ட்ரெய்லரோடு 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வைத்த ட்ரெய்லர் கட்டாயம். உங்கள் சின்னக் காருக்கு அலுமினியமே சரி.

கரையேறிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. எஞ்சினுக்குள்ளும் ஹோஸ் மாட்டிப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், தரைக்கடியிலும் தண்ணீர் பீய்ச்சி, அடைப்பானைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி வடிய விடுங்கள். ட்ரெய்லரை மறந்துவிடாதீர்கள், படகுக்கு முன்னால் துருப்பிடிப்பது அதுதான்.

மரைன் லைசென்ஸ், மீன்பிடி லைசென்ஸ் இரண்டும் எடுத்துவிடுங்கள். 4.8 மீட்டர் வரைக்குமான மோட்டார் படகில் ஓடும்போது லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருந்தே ஆக வேண்டும், சீட்டுக்கடியில் இருந்தால் அபராதம். பணம் கொடுக்கும் முன் படகின் பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பி.பி.எஸ்.ஆர் பதிவேட்டில் 2 டாலருக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் போய்ப் பார்ப்பதாக இருந்தால், தரையைக் கழற்றிப் பார்க்க அனுமதி உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் அவ்வளவு தூரம் ஓட்டிப் போகவே வேண்டாம்.