குறைந்த செலவில் எலெக்ட்ரிக் கிட்டாரின் டோனை மேம்படுத்த எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?

பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) உள்ள கிட்டார், சத்தம் மந்தமாக இருக்கிறது, அதிகம் செலவழிக்க வழியில்லை, எந்த ப்ரீஆம்ப் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பிக்கப்பின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி டோனைத் திருத்துவதுதான் ப்ரீஆம்ப்; ஆனால் அந்த ஒரே பெயரில் மூன்று நான்கு வெவ்வேறு சாமான்கள் விற்கின்றன. ஆகவே மாடல் பெயரைத் தேடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அதிலிருந்து வெளியே வரும் கேபிள் எதில் போய்ச் செருகப்படும்? ஆம்பின் முன்பக்க இன்புட்டிலா, எஃபெக்ட்ஸ் ரிட்டர்னிலா (ஆம்பின் பவர் பகுதிக்கு நேராகப் போகும் பின்பக்கத் துளை), கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஆடியோ இன்டர்ஃபேஸிலா? இந்தப் பதில் மாறினால் வாங்க வேண்டிய பொருளும் மாறும்.

அதற்கும் முன்னால், காசில்லாமல் தீரக்கூடிய இரண்டு கோளாறுகளைப் பார்த்துவிடலாம். ஒன்று பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து பிக்கப்பின் காந்தமுனை வரை அளந்து பாருங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்றால் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ.; ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் இரு பக்கமும் 1.6 மி.மீ. அளவில் தொடங்கலாம். ரொம்ப இறங்கியிருந்தால் சத்தம் மெலிந்துவிடும். ரொம்ப ஏறியிருந்தால், குறிப்பாக சிங்கிள் காயிலில், காந்தம் கம்பியை இழுத்து மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும்.

இரண்டாவது கேபிள். சிங்கிள் காயில் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் சுமார் 2.5 ஹென்றி. கிட்டார் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கிட்டாரின் 'பளிச்' எந்த அலைவெண்ணில் வந்து நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 5 மீட்டர் கேபிளில் அந்த முகடு 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 10 மீட்டர் போட்டால் 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நீளக் கேபிளில் ட்ரெபிள் செத்துப்போனது போல் கேட்பது இதனால்தான். இதற்கு பெரிய ப்ரீஆம்ப் வேண்டாம். கிட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு பஃபர் (சத்தத்தைக் கூட்டாமல், பிக்கப்பைக் கேபிளிலிருந்து பிரித்து வைக்கும் சிறு சர்க்யூட்) வைத்தால், அதற்குப் பிறகு வரும் கேபிளின் நீளம் பிக்கப்பைத் தொடாது.

நீங்கள் வாங்கும் எதற்கும் இன்புட் இம்பிடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) 1 மெகா ஓம் அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் கிட்டாரை நேராகச் செருகினால் பிக்கப் திணறி, சத்தமும் ட்ரெபிளும் சேர்ந்தே போய்விடும். மிக்ஸரில் செருகிவிட்டு 'கிட்டார் சரியில்லை' என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நோய்.

இனி கேபிள் செருகும் இடத்துக்கு வருவோம்.

ஆம்பின் முன்பக்க இன்புட் என்றால் உங்களுக்கு வேண்டியது ஒரு க்ளீன் பூஸ்ட், அதாவது கரகரப்பு சேர்க்காமல் சிக்னலைத் தூக்கும் பெட்டி. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் அப்படிப்பட்ட ஒற்றைக் குமிழ் பெட்டி. மைக்ரோ ஆம்ப் 26 டெசிபல் வரை தூக்கும், அதாவது ஏறத்தாழ 20 மடங்கு. ஆனால் ஆம்ப் ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கும்போது முன்னால் பூஸ்ட் போட்டால் சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும். சோலோவில் சத்தம் எழும்ப வேண்டும் என்றால் அதே பெட்டியை எஃபெக்ட்ஸ் லூப்புக்குள் (ஆம்பின் ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவில்) வையுங்கள். ஆம்பில் மிட் குமிழ் இல்லை என்றால், வெறும் பூஸ்ட்டைவிட மூன்று பட்டை ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) உள்ள பெட்டியே மேல்.

எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் உள்ள ஆம்ப் என்றால் யோகம்தான். மலிவு ஆம்ப்களில் பெரும்பாலும் சொதப்புவது முன்பகுதி. பவர் பகுதியும் ஸ்பீக்கரும் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும். ரிட்டர்னில் செருகினால் ஆம்பின் சொந்த ப்ரீஆம்ப் விலகிக்கொள்ளும், உங்கள் பெட்டி அந்த இடத்தில் உட்காரும். இங்கே வாங்க வேண்டியது கெயின், பேஸ், மிட், ட்ரெபிள், வால்யூம் எல்லாம் உள்ள முழு ப்ரீஆம்ப் பெடல். அதில் ஸ்பீக்கர் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரின் குரலைப் போலி செய்யும் வடிகட்டி) இருந்தால் அதை அணைக்க முடிய வேண்டும். நிஜ ஸ்பீக்கரும் சிமுலேஷனும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும்.

இன்டர்ஃபேஸ் என்றால் கதை தலைகீழ். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். இன்டர்ஃபேஸுக்கு அந்த வடிகட்டி கிடையாது. அதனால் டிஸ்டார்ஷனை நேராக விட்டால் தேனீக் கூட்டம் போல் இரையும். ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ள ப்ரீஆம்ப் இங்கே அவசியம். இந்த வகையின் முன்னோடி டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப், 1989இல் வந்தது. அதே வழியில் வந்த மலிவுப் பெட்டிகளில் பெஹ்ரிங்கர் ஜிடிஐ21 இருக்கிறது: மூன்று ஆம்ப் வகை, மூன்று கெயின் நிலை, மூன்று மைக் நிலை, கூடவே மிக்ஸருக்குப் போக மைக் கேபிள் செருகும் எக்ஸ்எல்ஆர் வெளியீடு. உறை பிளாஸ்டிக், காலால் ஓங்கி மிதிக்காதீர்கள். ஃபெண்டர் பாணிச் சத்தம் போதும் என்றால் ஜோயோ அமெரிக்கன் சவுண்ட். இதில் சிமுலேஷனை அணைக்க சுவிட்ச் இல்லை என்பதால் ரிட்டர்னுக்குச் செருகும் எண்ணம் இருந்தால் வேண்டாம். கம்ப்யூட்டரில் கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் குரலைப் பதிந்த கோப்பு) போடுபவர்களும் ஐஆர், சிமுலேஷன் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்த வேண்டும்.

வால்வு என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். ப்ரீஆம்ப்களில் வழக்கமாக வரும் 12ஏஎக்ஸ்7 வால்வின் (கண்ணாடிக் குழாய்) ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் வேண்டும், ஏறக்குறைய 1.9 வாட். 9 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி என்றால் ஹீட்டருக்கு மட்டுமே குறைந்தது 200 மில்லிஆம்பியர் இழுத்தாக வேண்டும். விவரச் சீட்டில் 50 மில்லிஆம்பியர் என்று போட்டிருந்தால், அந்த வால்வு முழுச் சூட்டில் ஓடவில்லை. ஜன்னல் வழியாகத் தெரியும் ஆரஞ்சு ஒளி பின்னால் வைத்த எல்இடியாகவும் இருக்கலாம். இந்த விலை மட்டத்தில் ஒழுங்கான ஆப்ஆம்ப் (பெருக்கி ஐசி) சர்க்யூட்டே நம்பகமானது.

சால்டரிங் தெரிந்தவர் என்றால் வாங்கவே வேண்டாம், டிஎல்072 ஐசியில் ஒரு க்ளீன் ப்ரீஆம்ப் ஒரே மாலையில் முடியும். 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட். அந்த நடுப்புள்ளியிலிருந்து 1 மெகா ஓம் வழியாக ஐசியின் பிளஸ் இன்புட்டுக்கு. கிட்டார் 22 நானோஃபாரட் வழியாக அதே காலில் நுழைகிறது. இந்தச் சேர்க்கை கீழே 7 ஹெர்ட்ஸ் வரை உள்ளே விடும், தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், ஆகவே பேஸ் குறையாது. அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 100 கிலோ ஓம் பாட் (திருகும் மாறுமின்தடை), அதன் குறுக்கே 47 பைக்கோஃபாரட் (ரேடியோ நிலையம் கேட்காமல் இருக்க). மைனஸ் இன்புட்டிலிருந்து 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட்டும் தொடராகக் கிரவுண்டுக்கு. கெயின் 1 முதல் 11 மடங்கு. வெளியே 4.7 மைக்ரோஃபாரட், அதன் ஐசிப் பக்கம் அல்லாத முனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். ஐசியின் மறுபாதியைச் சும்மா தொங்கவிடாமல், அதன் அவுட்புட்டை மைனஸோடும் பிளஸ்ஸை நடுப்புள்ளியோடும் இணைத்துவிடுங்கள்.

அவுட்புட் காலில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். 7, 8 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால், முதலில் அந்த 1 மைக்ரோஃபாரட்டை விட்டுவிட்டு 10 கிலோ ஓமை நேராகக் கிரவுண்டில் வைத்தீர்களா என்று பாருங்கள். பிளஸ் இன்புட்டில் மீட்டர் வைத்தால் 4.1 என்றுதான் காட்டும். அது பிழையல்ல, மீட்டரின் 10 மெகா ஓம் அந்த 1 மெகா ஓமோடு பங்கு போடுகிறது.

9 வோல்ட்டில் டிஎல்072 உச்சத்திலிருந்து பள்ளம் வரை 6 வோல்ட் அளவே க்ளீனாக ஆடும். பலமான ஹம்பக்கர் அரை வோல்ட் உச்சம் தந்து, நீங்கள் 10 மடங்கு வைத்தால் உச்சத்திலிருந்து பள்ளம் வரை 10 வோல்ட் கேட்கும், அலையின் உச்சியில் வெட்டு விழுந்து கரகரக்கும். 18 வோல்ட் கொடுங்கள், அல்லது கெயினைக் குறையுங்கள். 18 வோல்ட் என்றால் மின்தேக்கிகள் 25 வோல்ட் தரத்தில் இருக்கட்டும். பெட்டி உலோகமாக இருப்பது முக்கியம், பிளாஸ்டிக் டப்பாவில் ஹம் அடிக்கும்.

வாங்கிய பெட்டியோ செய்த பெட்டியோ, அடாப்டர் விஷயத்தில்தான் அதிகம் கருகுகிறது. பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை மைனஸ், 2.1 மி.மீ. முனை, விதிவிலக்குகள் உண்டு, பெட்டியில் உள்ள குறியைப் பாருங்கள். ஒரே அடாப்டரைப் பல பெடல்களுக்குச் சங்கிலியாகப் பிரித்துக் கொடுத்து, அதில் ஒன்று டிஜிட்டலாக இருந்தால் கீச்சொலி வரும். பேட்டரியில் போட்டுப் பாருங்கள். கீச்சொலி போய்விட்டால் குற்றவாளி ப்ரீஆம்ப் அல்ல.

பழைய ஃபஸ் ஃபேஸ் வகை டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருந்தால் அதை ப்ரீஆம்புக்கு முன்னால், கிட்டாரை அடுத்து வையுங்கள். அது பிக்கப்பின் இம்பிடன்ஸை நம்பி வேலை செய்வது. நடுவில் பஃபர் வந்தால் குரல் கீறலாகிவிடும், கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகாது. கடையில் ஒப்பிடும்போது, ஆன் நிலையிலும் ஆஃப் நிலையிலும் ஒரே சத்தம் வரும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எல்லாமே நல்ல டோனாகத்தான் காதில் விழும்.