காலையில் மட்டும் பைக் மிஸ்ஸிங் அடிக்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. எங்கிருந்து பார்ப்பது?

கார்புரேட்டர் வண்டி, சென்னையில்தான் ஓடுகிறது, இரண்டு தடவை கார்புரேட்டர் கழுவியும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன மழைக்காலத்தில் எனக்கும் இதே கதைதான்.

வீடு திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. வண்டி 2011 மாடல். காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் டப், டப் என்று விட்டுவிட்டு அடிக்கும், நடுவே சைலன்சரில் ஒரு வெடி. ஜெயந்தி சிக்னல் வரை திணறிவிட்டு, அடையாறு வருவதற்குள் ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஓடும். சாயங்காலம் மெக்கானிக்கிடம் போனால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கொண்டுபோய் நிறுத்தியது சூடான வண்டி. என்ன செய்வது என்று தெரியாதபோது எல்லோரும் செய்வதை அவரும் செய்தார்: கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். ஜனவரியிலேயே சென்னையில் அதிகாலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிருக்கு நல்ல வண்டி சில நொடி சோக் (ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் நெம்பு) இழுத்தாலே சீராக ஓட வேண்டும். அதனால் நம் ஊரில் இந்தத் தொல்லைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது குளிரை அல்ல, ஈரத்தை. பிளக் கேப்பிலும் (பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டும் மூடி) அதற்கு வரும் வயரிலும் இரவு படிந்த ஈரம் என்ஜின் சூட்டில் காய்ந்துவிடும், நோயும் மறைந்துவிடும். போதாததற்கு, குளிர்ந்த பிளக்கில் பொறி தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். கசிகிற வழி ஒன்று இருந்தால் கரண்ட் அந்த வழியாகவே ஓடிவிடும்.

இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. இருட்டில், ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரேயால் பிளக் கேப் மேலும் வயர் மேலும் லேசாக அடியுங்கள். கை படக்கூடாது, ஷாக் சுரீரென்று இழுக்கும். என் வண்டியில் அடித்த மறுநொடி, கேப்பின் கழுத்திலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு மெல்லிய நீலக் கோடு ஒன்று நெளிந்து தாவியது. சட், சட் என்று சத்தம் வேறு. என்ஜினும் அதே தாளத்தில் திணறியது. மூன்று மாதமாகத் தேடிய ஆள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

என்ஜினை நிறுத்தி கேப்பைத் திருகிக் கழற்றினால், வயர் நுனியில் செம்பு இழைகள் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. கடற்காற்றின் உபயம். நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டி, புதுச் செம்பு தெரியும்படி விட்டு, ஜி.பி. ரோட்டில் வாங்கிய புதுக் கேப்பைத் திருகினேன். ஒரு பிரியாணி விலைகூட இல்லை. வயரை வெட்டுவதற்கு முன் நீளம் மிச்சமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் நீலப் பொறி எதுவும் தெரியவில்லையா? சரி, அப்போது பிளக்கைக் கேட்க வேண்டியதுதான். காலையில் மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் அது வேறு கதை சொல்லும். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி பலவீனம். அடுப்புக்கரி போலக் காய்ந்த கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சோக் முழுசாக விடுபடாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. பிளக் நுனியின் இடைவெளி வண்டியைப் பொறுத்து 0.6 முதல் 0.9 மி.மீ. தேய்ந்து அகன்றிருந்தால் புதுசு போட்டுவிடுங்கள், உப்புத்தாளில் தேய்த்து உயிர் கொடுக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் சோக் இழுத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் அடைப்பு பெரும்பாலும் பைலட் ஜெட்டில், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளைத் திருகில். அதன் துளை ஊசிமுனை அளவுதான். மேலோட்டமாகக் கழுவினால் போகாது, ஜெட்டைத் தனியே கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். என்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுத்தாலும் இதே அறிகுறிதான்.

வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் கார்புரேட்டரின் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், தண்ணீர் கூடினால் பிரிந்து அடியில் தங்கிவிடும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கையும் காலி செய்துவிட வேண்டியதுதான்.

டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தாலும் வால்வு முழுசாக மூடாது, காலையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கிடைக்காது. அந்த இடைவெளியை என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க வேண்டும். சூடான என்ஜினில் "செட் பண்ணிட்டேன்" என்று சொல்லும் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு காலைக்கு ஒன்று மட்டும். பிளக்கும் கேப்பும் ஜெட்டும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த மழையில் மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் முந்தின இரவே வண்டியை மெக்கானிக் கடையில் விட்டுவிடுங்கள். யாரும் ஸ்டார்ட் செய்யாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் கடை திறந்ததும் முதல் கிக்கை அவரே உதைக்கட்டும்.