மூன்றாவது அலை வரும்போது

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. நானே கதை எழுதிப் படித்துக் காட்டுகிறேன். இரண்டாவது வரியிலேயே எழுந்து ஓடிவிடுகிறான். அதையே அவன் பாட்டி சொன்னால் அசையாமல் கேட்கிறான். ஓசை நயம் போதவில்லை என்கிறார்கள். அதை எப்படிக் கொண்டுவருவது?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: நீங்கள் அனுப்பிய கதை இப்படித் தொடங்குகிறது: 'மெரினா கடற்கரையில் வசித்த சிறிய நண்டு ஒன்று அலையைக் கண்டு அஞ்சி வேகமாக ஓடித் தன் வளைக்குள் ஒளிந்துகொண்டது.' பிழை ஏதுமில்லை. ஆனால் பாட்டி இதை எப்படிச் சொல்லியிருப்பார்?

'குடுகுடுவென ஓடியது குட்டி நண்டு. அலை! அலை! அலை! மணலில் ஒரு வளை. தொப்பென்று உள்ளே விழுந்தது.'

'வேகமாக' போய்க் 'குடுகுடு' வந்துவிட்டது, பாருங்கள். இது இரட்டைக்கிளவி, பிரித்தால் 'குடு' என்று யாரோ கை நீட்டுவதுபோல் ஆகிவிடும். குட்டியும் குடுகுடுவும் மோனை (முதலெழுத்து ஒத்து வருவது) என்பது கேட்டவுடனே தெரியும். மணலும் வளையும்கூட மோனைதான். மோனைக்கு ம-வ, ச-த, ஞ-ந ஆகியவை இன எழுத்துகள், ஒன்றுக்கு ஒன்று ஈடாக வரலாம். 'சின்னத் திமிங்கிலம்' என்றாலும் காது ஏற்றுக்கொள்ளும். அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்று அகராதியைப் புரட்டி அவதிப்படாதீர்கள். எல்லாச் சொல்லையும் ஒரே எழுத்தில் தொடங்கினால் கதை நின்றுபோய் நாக்குப் பயிற்சிதான் மிஞ்சும்.

அலையை ஏன் மூன்று முறை கூவினேன்? விரைவில் சொல்லும் சொல் மூன்று வரை அடுக்கும் என்கிறது தொல்காப்பியம். பதறியவர் 'தீ தீ தீ' என்று கத்துவதில்லையா, அதுதான். இதைக் கதைப்போக்குக்கும் நீட்டலாம் என்பது என் அனுபவம். அலை மூன்று தடவை வரட்டும். ஒவ்வொரு தடவையும் 'மணலில் ஒரு வளை, வளையில் ஒரு நண்டு' என்று ஒரே ராகத்தில் முடியுங்கள். மூன்றாம் தடவை 'மணலில் ஒரு...' என்று நிறுத்திவிட்டுப் பையனின் முகத்தைப் பாருங்கள். 'வளை!' என்பான். 'இல்லையே, அலை மூடிவிட்டதே!' என்று சொல்லுங்கள். இனி நண்டு எங்கே போகும் என்று தெரியாமல் அவன் எழுந்திருக்க மாட்டான். பழகிய ஓசை வராத இடத்தில்தான் திருப்பம் உறைக்கிறது.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். உங்கள் முதல் வரியில் எனக்கு 'அஞ்சி'யிலேயே முட்டிவிட்டது.